அம்மோனைட்டை வரையப் போகிறவருக்கு: நிலவியல் சேகரிப்புகளிலும் ஆவணங்களிலும் வேலை செய்யும் முறை

அரியலூர், பெரம்பலூர், புதுச்சேரி வட்டாரத்துக் கிரெட்டேசியஸ் காலக் (டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதி) கடல் புதைபடிவங்களை, குறிப்பாகச் சுருள் ஓடு கொண்டிருந்து அழிந்துபோன கடலுயிரான அம்மோனைட்டை, வைத்து ஓவியமோ அச்சுப்படமோ சிற்பமோ செய்ய நினைப்பவருக்கு முதல் வேலை, எந்தப் படிவம் எந்த ஊரில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இதற்குக் களத்தில் நடப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். பதிவு எண்ணும் கிடைத்த இடமும் தெரியாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. அதை வைத்துச் செய்த படைப்பின் கதியும் அதுதான்.

1840களில் மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த சார்லஸ் கேயும் புரூக் கன்லிஃபும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கங்களில் திரட்டிய படிவங்கள் லண்டனுக்குப் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து வெளியிட்டார். அவற்றைப் பெற்ற லண்டன் நிலவியல் சங்கம் தன்னிடமிருந்த வெளிநாட்டுச் சேகரிப்பை 1911இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்துவிட்டது. ஃபோர்ப்ஸுக்குப் பிறகு, 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் முறை. ஹென்றி பிளான்ஃபோர்ட் 1862இல் இந்தப் பாறை அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்து எழுதினார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா படிவங்களை இனம் பிரித்து, லித்தோகிராஃப் தட்டுகளோடு (கல்லச்சில் அடித்த படப் பக்கங்கள்) 'பேலியான்டாலஜியா இண்டிகா' வரிசையில் வெளியிட்டார். அந்த மாதிரிகளைத் தேட வேண்டிய இடம் கொல்கத்தா. சென்னை எழும்பூர் அருங்காட்சியகமும் 1851இல் பிறந்ததுதான். மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி கொடுத்த நிலவியல் மாதிரிகளே அதன் முதல் சரக்கு. அரியலூரை அடுத்த வாரணவாசியில் தனியாக ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பயிற்சிக்கு அங்கிருந்து தொடங்குவது நல்லது.

வீட்டில் உட்கார்ந்தே பாதி வேலையை முடித்துவிடலாம். பழைய மெமாயர்களும் (விரிவான ஆய்வறிக்கைகள்) தட்டுகளும் இணைய நூலகங்களில் ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் 'பூகோஷ்' தளத்தில் இன்றைய நிலவியல் வரைபடங்கள் இருக்கின்றன. பிடித்த படிவத்துக்குத் தட்டு எண், பட எண், அன்றைய பெயர், இன்றைய பெயர், கிடைத்த ஊர் என்று ஒரு அட்டவணை போடுங்கள். ஊர்ப் பெயரைத் தேடும்போது அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பார்க்க வேண்டும். விருத்தாசலம் அங்கே 'வெர்டாசெல்லம்' என்றும் அரியலூர் 'அர்ரியலூர்' என்றும் இருக்கும். இது தெரியாமல் தேடி, ஒன்றும் இல்லை என்று திரும்புகிறவர்கள் நிறைய.

கடிதம்

காப்பாட்சியருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். 'உங்கள் சேகரிப்பைப் பார்க்க ஆவலாக உள்ளேன்' என்று மட்டும் எழுதினால் காட்சிக்கூடத்தைப் பார்க்கச் சொல்லிப் பதில் வரும். எந்தெந்த எண் கொண்ட மாதிரிகள், ஒவ்வொன்றிலும் என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை நாள், என்னென்ன கருவி கொண்டுவருகிறீர்கள், படம் எடுப்பீர்களா, செய்யும் படைப்பு விற்பனைக்கா கண்காட்சிக்கா என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிடுங்கள். ஒழுங்காக அளந்து வரைந்தால் ஒரு மாதிரிக்கு 3 முதல் 4 மணி நேரம் ஆகும். ஆகவே வரைவதற்கு நாளுக்கு 2, படம் எடுக்க மட்டும் என்றால் 12 முதல் 15 என்று கேளுங்கள். நாற்பது மாதிரி கேட்கும் கடிதத்தைப் பார்த்தாலே எழுதியவருக்கு வேலை தெரியாது என்று புரிந்துவிடும்.

ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஆதாரமாகக் கொண்ட கல்லை 'டைப் மாதிரி' என்பார்கள். அதைத் தொட அனுமதி எளிதில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அதே இனத்தின் வேறு மாதிரி இருக்கிறதா என்று கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் இருக்கும், சில சமயம் டைப்பைவிட முழுமையாகவும் இருக்கும்.

மேசையில்

கொண்டுபோக வேண்டியவை: எச்பி, 2எச், 4எச் பென்சில்கள், 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பிளாஸ்டிக் வாய் கொண்ட வெர்னியர் காலிப்பர், 5 செ.மீ. அளவுகோல்; வண்ண அட்டை; சிறிய எல்இடி விளக்கு; 2 செ.மீ. தடிமனுள்ள பாலிஎத்திலீன் ஃபோம் விரிப்பு, நைட்ரைல் கையுறை. பருத்திக் கையுறையை விட்டுவிடுங்கள், அதன் நூல் படிவத்தின் முள்ளிலும் விளிம்பிலும் மாட்டும். பேனா எந்த வடிவத்திலும் வேண்டாம். கல்லை எப்போதும் இரண்டு கையால், ஃபோமுக்கு மேலேயே தூக்குங்கள். ஈரப்படுத்தினால் நிறம் எடுப்பாகத் தெரியும் என்று துடைத்துப் பார்க்கும் பழக்கம் களத்தோடு இருக்கட்டும். சேகரிப்பில் இருக்கும் கல்லில் உப்பும் பழைய பசையும் எழுதிய எண்ணும் இருக்கும், மூன்றுமே தண்ணீரில் கெடும்.

மாதிரி வைத்திருக்கும் தட்டில் கல்லுக்கு அடியில் இருக்கும் சீட்டுகளைப் பாருங்கள். பழைய மாதிரி என்றால் இரண்டு மூன்று இருக்கும்: திரட்டியவரோ ஆய்வாளரோ பழுப்பு மையில் எழுதியது ஒன்று, அருங்காட்சியகம் அச்சிட்டது ஒன்று, பிற்காலத்தில் பெயர் திருத்தித் தட்டச்சு செய்தது ஒன்று. கல்லிலேயே ஒரு மூலையில் வெள்ளைப் பட்டையின் மேல் எண் எழுதியிருக்கும். எதையும் நகர்த்துமுன் தட்டு இருந்தபடியே ஒரு படம், பிறகு ஒவ்வொரு சீட்டின் முன்புறமும் பின்புறமும் ஒவ்வொரு படம், பிறகு கல்லிலுள்ள எண் தெரிய ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டின் பின்புறத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நூலின் எந்த அச்சுத் தட்டில் இந்தக் கல் படமாக வந்தது என்ற குறிப்பு பல நேரம் அங்கேதான் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மாதிரித் தட்டுகளை மேசையில் திறக்காதீர்கள். சீட்டு மாறிப்போனால் அந்தக் கல்லின் வரலாறே போய்விடும், அதை எந்த ஆய்வகமும் மீட்டுத் தராது.

அம்மோனைட்டை அளந்து வரைதல்

கையோட்டமாக வரையும் சுருள் எப்போதும் ஏமாற்றும். கண் உட்சுற்றுகளைப் பெரிதாக்கிவிடுகிறது. முதலில் நான்கு அளவுகள் எடுங்கள்: முழு விட்டம், நடுவிலுள்ள தொப்புள் குழியின் அகலம், கடைசிச் சுற்றின் உயரம், அதே இடத்தில் அதன் தடிமன். தாளில் மையப்புள்ளி வைத்து 45 பாகைக்கு ஒன்றாக எட்டு ஆரக்கோடுகள் இடுங்கள். ஒவ்வொரு ஆரத்திலும் ஒவ்வொரு சுற்றின் வெளிவிளிம்பும் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று காலிப்பரால் எடுத்துக் குறியுங்கள். புள்ளிகளை இணைத்தால் சுருள் தானாக வரும். எங்காவது நெளிந்தால் கல்லைத் திரும்பப் பாருங்கள். மண்ணின் அழுத்தத்தில் அந்த இடமே நசுங்கியிருக்கலாம், அப்படியானால் நெளிவை அப்படியே விட வேண்டும்.

அசலைப்போல் இரண்டு மடங்கு அளவில் வரைந்து பாதியாகச் சுருக்கினால் கோடுகள் இறுகும். பின்னர் வீட்டில் மையிடும் 0.3 மி.மீ. பேனாக் கோடு அச்சில் 0.15 மி.மீ. ஆகிவிடும். அதற்குக் கீழே போனால் பல அச்சகங்களில் கோடு உடைந்து வரும். ஒளி இடப்பக்க மேல் மூலையிலிருந்து வருவதாக வைப்பது வழக்கம். இந்த வழக்கத்தை மீறினால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும், ஓட்டின் மேல் மேடாக ஓடும் விலா வரிகளில் இந்தக் குழப்பம் உடனே தலைகாட்டும். விலா வரிகளைக் கடைசி அரைச் சுற்றில் எண்ணி, எண்ணிக்கையைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டு வரையுங்கள். எண்ணாமல் வரைந்தால் இரண்டு மூன்று கூடிவிடும்.

அம்மோனைட்டின் புகழ்பெற்ற நெளிகோட்டை, அதாவது அறைச்சுவர் ஓட்டோடு சேரும் தையல்கோட்டை, வரைய எல்லோருக்கும் ஆசை. அது ஓட்டின் வெளிப்புற அலங்காரம் இல்லை. ஓடு கரைந்தோ உரிந்தோ போய் உள்ளே நிறைந்த மண் கல்லாகி நிற்கும் உள்வார்ப்பில்தான் அது தெரியும். ஓடு ஒட்டியிருக்கும் இடத்தில் விலா வரியும் அதன் மேல் தையல்கோடும் சேர்த்து வரைந்தால் அப்படி ஒரு பொருள் உலகில் இல்லை என்று அர்த்தம். அதேபோல் உயிர் வாழ்ந்த கடைசி அறையில் தடுப்புச் சுவர் கிடையாது, எனவே அங்கே கோடும் கிடையாது. தையல்கோட்டைத் தனியாக விரித்து வரையும்போது வெளிவிளிம்பின் நடுவில் ஒரு அம்புக்குறி போட்டு அது வாய்ப்பக்கத்தைக் காட்டும்படி வையுங்கள். உடைந்த பகுதியைத் தொடர் கோட்டால் நிரப்பாதீர்கள். நிரப்பியே ஆக வேண்டுமென்றால் விட்டுவிட்டு வரும் கோடு போடுங்கள். 19ஆம் நூற்றாண்டுத் தட்டுகளில் உடைந்ததை முழுதாக்கி வரையும் வழக்கம் இருந்தது. அச்சிட்ட தட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அன்றைய ஓவியர் எங்கே கண்ணால் பார்த்தார், எங்கே ஊகித்தார் என்று கோடு கோடாகத் தெரியும். ஒரு முழுக் கண்காட்சியைத் தாங்கக்கூடிய விஷயம் அது.

லித்தோ, எட்சிங், லினோ செய்பவர்களுக்கு இன்னொன்று. தட்டில் நேராக வரைந்தால் அச்சில் இடம் வலமாகும். ரெம்ப்ராண்ட் 1650இல் செய்த சங்கு எட்சிங்கில் சுருள் இதனால்தான் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. அம்மோனைட் ஒரே தளத்தில் சுருள்வது, புரட்டினாலும் எளிதில் தெரியாது. இடப்பக்கம் வலப்பக்கம் என்று தலைப்பு மட்டும் பொய்யாகும். சங்கு, நத்தை வகைகளில் அப்படியில்லை. நுனியை மேலே வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு வாய் வலப்பக்கம் இருக்கும். அச்சில் இடப்பக்கம் வந்திருந்தால் புரட்டி வரைய மறந்துவிட்டீர்கள்.

படமும் முப்பரிமாணமும்

மேடுபள்ளம் காட்ட வேண்டிய படத்துக்கு விளக்கைத் தாழ்த்தி 20, 30 பாகையில் பக்கவாட்டில் வையுங்கள், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை போதும். அளவுகோலைக் கல்லின் அடியில் மேசை மேல் வைக்காமல், கல்லின் அகன்ற இடத்தின் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். இல்லாவிட்டால் அளவுகோல் சிறிதாகப் பதிவாகி, கல் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். நிலவியலாளர்கள் நவச்சாரத்தைச் சூடாக்கி எழும் வெண்புகையைப் படிவத்தின் மேல் படியவிட்டு, நிறத்தை மறைத்து வடிவத்தை மட்டும் எடுப்பாக்குவார்கள். முடிவு அபாரமாக இருக்கும். ஆனால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது நீர் உறிஞ்சித் திரண்டுவிடும், கழுவாமல் விட்டால் இரும்புள்ள படிவத்தை அரிக்கும். அருங்காட்சியகத்தாரே செய்து தந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், நீங்கள் கேட்டு வற்புறுத்தாதீர்கள்.

சிலிகோன் வார்ப்பு எடுக்க அனுமதி கேட்பதும் வேண்டாம். நுண்துளைக் கல்லுக்குள் சிலிகோன் எண்ணெய் இறங்கி நிரந்தரக் கறையாகும், உரிக்கும்போது விளிம்பும் கூட வரும். அதற்குப் பதில் ஃபோட்டோகிராமெட்ரி, அதாவது பல கோணங்களில் எடுத்த படங்களைச் சேர்த்து மென்பொருளில் முப்பரிமாண உருவம் கட்டுவது. சுழல் மேடையில் 10 பாகைக்கு ஒரு படம் வீதம் சுற்றுக்கு 36, கேமராவை மூன்று உயரங்களில் வைத்து 108, கல்லைக் கவிழ்த்துத் திரும்பவும் 108. துளை எஃப்/8 முதல் எஃப்/11, ஐஎஸ்ஓ 100, குவியம் கைமுறையில் பூட்டியது. இங்கே ஒளி நாலாபுறமும் சீராக இருக்க வேண்டும், பக்கவாட்டு ஒளி உதவாது. நிழல் கல்லோடு சுழலாமல் நின்றால் மென்பொருள் குழம்பும். பின்னணி வெறும் கறுப்பாக இருக்கட்டும். பின்னால் அலமாரி தெரிந்தால் மென்பொருள் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, கல் நகரவே இல்லை என்று முடிவு செய்துவிடும். மெருகேற்றிய வெட்டுமுகம், பைரைட்டாக (பளபளக்கும் இரும்பு சல்ஃபைடு கனிமம்) மாறிய படிவம் போன்ற பளபளப்பானவை இந்த முறைக்கு அடங்கா. விளக்குக்கும் லென்சுக்கும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் துருவமுனைப்பு வடிகட்டி (போலரைசர்) போட்டால் ஓரளவு தேறும்.

பாறையின் உள்ளே: மெல்லிய சீவல்

பாறையில் வேலை செய்ய விரும்பும் தமிழ்நாட்டு ஓவியருக்குச் சார்னோகைட்டைவிட நல்ல தொடக்கம் இல்லை. பல்லாவரம், பரங்கிமலைப் பாறை அது. கொல்கத்தா புனித ஜான் ஆலயத்திலுள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகை என்பதால் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அவர் பெயரையே இந்தப் பாறைக்கு வைத்தார். 1900இல் விரிவான மெமாயர் வந்தது.

பாறையை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டியதுதான் மெல்லிய சீவல். பல சேகரிப்புகளில் இவை பெட்டி பெட்டியாக இருக்கின்றன, கலைஞர்கள் கேட்பதே இல்லை. துருவமுனைப்பு நுண்ணோக்கி இல்லாவிட்டாலும் வழியுண்டு: ஃபிலிம் ஸ்கேனரில் சீவலுக்கு மேலும் கீழும் துருவமுனைப்புத் தாளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து 4000 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். ஒரு பிக்சல் சுமார் 6.35 மைக்ரான், 26 மி.மீ. அகலச் சீவல் 300 டிபிஐயில் 35 செ.மீ. அகலமாக அச்சாகும். மேல் தாளை எடுத்துவிட்டு இன்னொரு ஸ்கேன், சீவலை 90 பாகை திருப்பி மற்றொன்று எடுத்தால், சார்னோகைட்டின் அடையாளமான ஹைப்பர்ஸ்தீன் கனிம மணிகள் இளஞ்சிவப்பிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறுவதைப் பார்க்கலாம்.

இரண்டு தாளுக்கு இடையே தெரியும் பகட்டான நிறங்கள் கனிமத்தின் சொந்த நிறம் அல்ல, ஒளியின் குறுக்கீட்டால் வருபவை. சீவலின் தடிமன் மாறினால் நிறமும் மாறும். சரியான தடிமனில் குவார்ட்ஸ் சாம்பலாகவோ வெள்ளையாகவோ இருக்கும். மஞ்சள் தட்டினால் சீவல் தடித்திருக்கிறது. பழைய சீவல்களை ஒட்டிய கனடா பால்சம் பிசின் காலப்போக்கில் மஞ்சளாகியிருக்கும், எனவே வெண்சமநிலையைப் பாறைக்கு வெளியே பிசின் மட்டும் உள்ள இடத்தில் எடுங்கள். அதே பிசின் சூட்டில் இளகும். சூடேறும் ஒளிப்பெட்டியில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள்.

கெடுபவையும் கெடுப்பவையும்

பைரைட் உள்ள படிவம் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆக்சிஜனோடு சேர்ந்து இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறும். சாம்பல், மஞ்சள் கலந்த பொடி, கந்தக நெடி, ஓரம் கருகிய சீட்டு ஆகியவை அடையாளம். கண்டால் தூரிகையால் தட்டாமல் காப்பாட்சியரிடம் சொல்லுங்கள், சீட்டைப் படம் எடுத்துவைப்பதற்கு அது கடைசி வாய்ப்பாகவும் இருக்கலாம். ரியல்கர் என்ற சிவப்பு ஆர்செனிக் கனிமம் வெளிச்சத்தில் மஞ்சள் பொடியாக உதிரும். அதை விளக்கடியில் வைத்து வரைய முடியாது, படம் எடுத்து உடனே மூடிவிட வேண்டும். வெளிச்சம் பட்டால் புரூஸ்டைட் கனிமம் கறுக்கும், விவியனைட் கனிமம் கறுத்து விரிசல் விடும்.

உங்களைக் கெடுப்பவையும் உண்டு. நார்நாராக இருக்கும் கனிமம் எதுவானாலும் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொண்டு பையைத் திறக்காமல் பாருங்கள். கலேனாவில் ஈயம், சின்னபாரில் பாதரசம், அரிதாரத்தில் ஆர்செனிக் இருப்பதால், தொட்ட கையால் தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூர் செய்யக் கூடாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. கதிரியக்க மாதிரி வைத்த இழுப்பறையில் ரேடான் சேர்ந்திருக்கும், திறந்து காற்றோடவிட்டு, தேவையான நேரம் மட்டும் இருங்கள்.

வரைபடமும் களக்குறிப்பேடும்

கையால் வண்ணம் தீட்டிய பழைய வரைபடத்தின் மேல் ஒற்றுத்தாள் வைத்து அழுத்தி எடுக்கக் கூடாது. நேர் மேலிருந்து, நான்கு ஓரத்திலும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். இன்றைய வரைபடத்தோடு பொருத்த க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும். பழைய ஒரு மைலுக்கு ஓர் அங்குல வரைபடம் 1:63,360 அளவு, இன்றையது 1:50,000. பழைய தாளில் அச்சிட்ட தீர்க்கரேகைகளை நம்பிப் பொருத்தாதீர்கள். அன்றைய கணிப்பு இன்றையதிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகியிருப்பதால் ஊர் நான்கு கிலோமீட்டர் நகர்ந்துவிடும். கோயில் கோபுரம், ஏரிக்கரை, ஆற்று வளைவு என்று பத்துப் பன்னிரண்டு இடங்களைப் பிடித்துப் பொருத்துங்கள். வண்ணத்தைக் கவனித்துப் படியெடுங்கள். வில்லியம் ஸ்மித் 1815இல் வெளியிட்ட இங்கிலாந்து வரைபடத்தில் ஒவ்வொரு அடுக்கின் அடிப்பகுதியும் அடர்ந்த நிறத்தில் தொடங்கி மேலே வெளுக்கும். அந்தச் சாயலே அடுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும்.

பாறையிலிருந்தே நிறமி அரைக்க விரும்பினால் சேகரிப்புக் கல்லையோ, திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்கள், பரங்கிமலைச் சார்னோகைட் போன்ற தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களையோ தொடக் கூடாது. உரிமையாளர் சம்மதத்தோடு குவாரிக் கழிவிலிருந்து காவிக்கல்லோ செம்புறைக்கல்லோ எடுங்கள். சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் நீர் விட்டு, என்95 முகக்கவசத்தோடு அரைக்க வேண்டும். அரைத்ததை நிறைய நீரில் கலக்கி, 30 விநாடி விட்டு, மேலே மிதக்கும் கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி இரவு முழுக்கத் தெளியவிட்டால் மென்பொடி அடியில் தங்கும். ஒரு பங்கு வேலம்பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் நீர்வண்ணம்.

காட்சிக்கு வைக்கும்போது

இரவல் மாதிரியோடு காட்சி வைத்தால் பெட்டியை எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), ஓக் பலகையில் செய்யாதீர்கள். அவை விடும் அமில ஆவி சுண்ணாம்பு ஓடுகளில் வெள்ளை உப்பாகப் பூக்கும். பவுடர் கோட்டிங் செய்த எஃகும் கண்ணாடியும் பாதுகாப்பானவை. பழைய வண்ண வரைபடத்துக்கும் ஒளி தாங்காத கனிமத்துக்கும் 50 லக்ஸ் போதும். சாதாரணப் பாறைக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

பழைய தட்டுகளைப் பயன்படுத்துவதில் சட்டச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. இந்தியாவில் அரசு வெளியீட்டுக்கு வெளிவந்ததிலிருந்து 60 ஆண்டு, தனிநபர் நூலுக்கு ஆசிரியர் மறைவிலிருந்து 60 ஆண்டு. அருங்காட்சியகத்தில் நீங்கள் எடுத்த புதுப் படத்துக்கு மட்டும் அவர்கள் போட்ட நிபந்தனை செல்லும், அதை எழுத்தில் வாங்கிவையுங்கள். படைப்பின் விவரச்சீட்டில் பொருளின் பெயர், பாறைத் தொகுதி, கிடைத்த ஊர், நிறுவனம், பதிவு எண் ஐந்தும் இருக்கட்டும். 'புதைபடிவம், தமிழ்நாடு' என்று விட்டால் பார்ப்பவர் அந்த இழுப்பறைக்குத் திரும்பிப் போக வழியில்லை.

கடைசி நாள், ஒவ்வொரு தட்டையும் முதலில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, கல்லும் எல்லாச் சீட்டும் அதே வரிசையில் இருக்கிறதா என்று காப்பாட்சியர் முன்னிலையில் சரிபார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். உங்கள் படக் கோப்புகளுக்குப் பதிவு எண்ணையே முதல் பெயராக வைத்து ஒரு பிரதியை அங்கேயே கொடுத்துவிடுங்கள்.